ஜப்பானில் வீடியோ கேம் வேலை: நமதூர் பிள்ளைகள் புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் சமுதாய மக்கள் வாழும் ஊர்களில் வெளிநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வளைகுடாதான். லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் துபாய், சவூதி, குவைத் என்று யாராவது ஒருவர் போகாத தெருவைக் காண்பது அரிது. அத்தா அங்கே உழைத்த காசில் இங்கே பிள்ளைகள் படித்தார்கள். பொறியியல், பி.சி.ஏ., கணினி அறிவியல், அனிமேஷன் என்று படித்து முடித்திருக்கும் அந்தப் பிள்ளைகளின் கண் இப்போது வேறு நாடுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அதில் ஒன்று ஜப்பான். அங்கே போய் வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்க முடியுமா என்று கேட்கும் தம்பிகளும் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தெரியலாம். செல்போனில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவன் இதையே தொழிலாகச் செய்யப் போகிறேன் என்று சொன்னால் கோபம் வருவது இயல்பு. ஆனால் கேம் விளையாடுவது வேறு, கேம் உருவாக்குவது வேறு. பின்னது கணிதமும் கணினி மொழியும் ஓவியத் திறனும் சேர்ந்த உழைப்பு. அதேநேரம் இந்த ஆசையைக் காட்டிப் பணம் பறிக்கும் ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். எனவே வாய்ப்பு எது, மோசடி எது, தீனைக் காத்துக்கொண்டு அங்கே வாழ முடியுமா என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

ஏன் ஜப்பான்?

கியோட்டோ நகரில் 1889ல் சீட்டு அட்டைகள் செய்யும் சிறிய கடையாகத் தொடங்கியது நின்டெண்டோ. 1983ல் அது வெளியிட்ட ஃபாமிகாம் என்ற கருவிதான் வீட்டுத் தொலைக்காட்சியில் கேம் விளையாடும் பழக்கத்தை உலகம் முழுவதும் பரப்பியது. அதற்கு முன்பே 1978ல் டைட்டோ நிறுவனம் ஸ்பேஸ் இன்வேடர்ஸையும், 1980ல் நாம்கோ நிறுவனம் பேக்மேனையும் வெளியிட்டிருந்தன. 1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது.

இன்று நின்டெண்டோ கியோட்டோவிலும், கேப்காம் ஒசாகாவிலும், கோயி டெக்மோ யோகோஹாமாவிலும், செகா, ஸ்கொயர் எனிக்ஸ், பந்தாய் நாம்கோ போன்றவை டோக்கியோவிலும் இயங்குகின்றன. தெற்கே ஃபுகுவோகாவில் லெவல்-5, சைபர்கனெக்ட்2 போன்ற நிறுவனங்கள் உள்ளன. இவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம்.

வெளிநாட்டவர் இந்தத் துறையில் நுழைந்தது புதிதல்ல. டிலன் கத்பர்ட் என்ற பிரிட்டிஷ் இளைஞர் 1990ஐ ஒட்டி கியோட்டோ சென்று, 1993ல் வெளியான நின்டெண்டோவின் ஸ்டார் ஃபாக்ஸ் கேமில் நிரலாளராகப் பணியாற்றினார். பிறகு 2001ல் அதே நகரில் க்யூ-கேம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

தமிழர்களுக்கு இந்தத் துறை எட்டாத ஒன்றல்ல என்பதற்கும் சான்று உண்டு. கனடாவின் டொரோண்டோவில் தமிழ் இளைஞர் ஒருவரின் தலைமையில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, 2023ல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் சொல்லப்பட்ட கதை அது. இட்லியும் பிரியாணியும் அதில் வருகின்றன. அந்தக் கேம் 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. ஜப்பானின் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 கருவிகளிலும் அது ஓடுகிறது.

அரசு மட்டத்திலும் கதவு திறக்கிறது. ஜப்பானில் மக்கள் தொகை குறைந்து வருகிறது, உழைக்கும் வயதில் ஆட்கள் போதவில்லை. 2025 ஆகஸ்ட் மாதம் டோக்கியோவில் நடந்த இந்தியா-ஜப்பான் உச்சி மாநாட்டில், ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் சென்று வரவும், அதில் 50,000 இந்தியத் திறனாளர்கள் ஜப்பான் செல்லவும் இலக்கு வைக்கப்பட்டது.

என்னென்ன வேலைகள்?

ஜப்பானிய கேம் நிறுவனங்களில் வேலையின் பெயரே நம்மைக் குழப்பும். கேமின் விதிகளையும் கட்டங்களையும் யோசிப்பவரை அங்கே 'பிளானர்' என்கிறார்கள். படம் வரைபவர், முப்பரிமாண உருவம் செய்பவர் ஆகியோரை 'டிசைனர்' என்கிறார்கள். கணினி நிரல் எழுதுபவர் 'புரோகிராமர்'. விளம்பரத்தில் டிசைனர் வேலை என்று பார்த்துவிட்டு, கேமை வடிவமைக்கும் வேலை என்று நினைத்து விண்ணப்பித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நம் பிள்ளைகளுக்கு எளிதாகத் திறக்கும் வாசல் புரோகிராமர் வேலைதான். சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப், அன்ரியல், யூனிட்டி ஆகியவை எந்த நாட்டிலும் ஒன்றே. நேரியல் இயற்கணிதம் தெரிய வேண்டும். கல்லூரியில் வெக்டர், மேட்ரிக்ஸ் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த பாடம் இங்கே தினசரிக் கருவியாகிவிடும். பிளானர் வேலைக்குப் பேச்சும் எழுத்தும் முழுக்க ஜப்பானிய மொழியில் என்பதால், வெளிநாட்டவர் நேரடியாக அதில் நுழைவது கடினம்.

பட்டச் சான்றிதழைப் போலவே நீங்கள் செய்து முடித்த வேலையையும் அங்கே பார்க்கிறார்கள். அதை 'போர்ட்ஃபோலியோ' என்கிறோம். பத்து கேம்களைப் பாதியில் விட்டவரைவிட, சிறியதாக ஒரே ஒரு கேமைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, அதில் தான் எழுதிய பகுதி எது என்று விளக்கத் தெரிந்தவருக்கே மதிப்பு. யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்த கேமை அனுபவமுள்ளவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்கள்.

விசா: எது சரியான வழி?

இந்தப் பகுதியைப் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். பணம் பறிபோவது இங்கேதான்.

கேம் நிறுவனத்தில் வேலை செய்வதற்கு உரிய விசா, 'பொறியாளர், மானுடவியல் நிபுணர், சர்வதேச சேவைகள்' என்ற பிரிவைச் சேர்ந்தது. ஜப்பானிய மொழியில் இதைச் சுருக்கமாக 'கிஜின்கொகு' என்பார்கள். இதற்கு வேலையோடு தொடர்புள்ள பாடத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், அல்லது அந்தத் துறையில் 10 ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டம் இல்லாத கணினித் துறையினருக்கு ஒரு சிறு வழியும் உண்டு. இந்தியாவில் முன்பு டோயக் என்றும் இப்போது நீலிட் என்றும் அழைக்கப்படும் மத்திய அரசு நிறுவனத்தின் ஏ, பி, சி நிலைத் தேர்வுகளை ஜப்பானிய அரசு அங்கீகரித்துள்ளது.

இதில் நம் பகுதிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே பாலிடெக்னிக்கில் படித்த டிப்ளமோ அங்கே பட்டத்துக்கு ஈடாகாது. ஆனால் ஜப்பானிலேயே 'சென்மொன் கக்கோ' எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து முடித்தால், அந்தப் படிப்போடு தொடர்புள்ள வேலைக்கு விசா கேட்கலாம். கேம் உருவாக்கம் கற்பிக்கும் இத்தகைய கல்லூரிகள் அங்கே பல உள்ளன. கட்டணம் அதிகம், பாடம் ஜப்பானிய மொழியில் என்பதை மறக்க வேண்டாம்.

நடைமுறை இதுதான். முதலில் நிறுவனம் உங்களைத் தேர்வு செய்கிறது. பிறகு அந்த நிறுவனம் ஜப்பானில் குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் பெறுகிறது. அது கிடைத்த மூன்று மாதங்களுக்குள் சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் வழியாக நீங்கள் விசா பெற்று, ஜப்பானுக்குள் நுழைய வேண்டும். பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் குடியிருப்பு அட்டை தருவார்கள். வீடு கிடைத்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

இந்த வரிசையில் 'விசாவை விலைக்கு வாங்கும்' கட்டம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுப்பவர் இல்லாமல் இந்த வேலை விசா இல்லை. வளைகுடாவில் ஃப்ரீ விசா என்று சொல்லி வாங்கிப் பழகிய நமக்கு இது புரிய வேண்டும்.

ஏமாற்றுவோர் சொல்லும் மூன்று பேச்சுகள்

முதலாவது, 'எஸ்.எஸ்.டபிள்யூ. விசாவில் போய் கேம் கம்பெனியில் சேரலாம்' என்பது. குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா என்பது முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், உணவகம், வேளாண்மை போன்ற துறைகளுக்கானது. இதற்காக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துள்ளன. அது நல்ல திட்டம்தான். ஆனால் கேம் உருவாக்கம் அதன் பட்டியலில் இல்லை. ஒரு துறைக்கு வாங்கிய விசாவில் இன்னொரு துறையில் வேலை பார்ப்பது சட்ட மீறல்.

இரண்டாவது, 'மொழிப் பள்ளி விசாவில் போ, பகுதி நேர வேலையில் கட்டணத்தை அடைத்துவிடலாம்' என்பது. மாணவர் விசாவில் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். மொழிப் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 7 முதல் 9 லட்சம் யென் ஆகும். அதற்கு மேல் வாடகை, உணவு, காப்பீடு. 28 மணி நேரக் கூலியில் வயிற்றைப் பார்க்கலாம், ஊரில் வாங்கிய கடனையும் சேர்த்து அடைப்பது நடக்காது. கணக்கு இடிக்கும்போது கூடுதல் மணி நேரம் திருட்டுத்தனமாக வேலை செய்யத் தோன்றும். மாட்டினால் விசா நீட்டிப்பு கிடைக்காது.

மூன்றாவது, 'அனுபவச் சான்றிதழ் நாங்களே தயார் செய்து தருகிறோம்' என்பது. பொய்ச் சான்றில் கிடைத்த விசா எப்போது தெரிய வந்தாலும் ரத்தாகும், நாடு கடத்தலும் நேரலாம். சட்டத்தை விட்டுவிட்டாலும், பொய்யின் மேல் கட்டிய ரிஸ்கில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அங்கேயே விஷயம் தெரிந்துவிடும்.

நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ பிள்ளையை அனுப்புவதை நம் குடும்பங்கள் தவிர்க்க வேண்டும். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். கடனோடு போகிறவனால் கொடுமையான நிறுவனத்தை விட்டு வெளியே வர முடியாது என்பது மறுபுறம்.

மொழிதான் பெரிய சுவர்

ஜப்பானிய மொழித் திறனுக்கு ஜே.எல்.பி.டி. என்ற தேர்வு உண்டு. என்-5 தொடக்க நிலை, என்-1 உச்ச நிலை. ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கும் இந்தத் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு நீண்ட காலமாக ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறது.

கிஜின்கொகு விசாவில் பொறியாளர் வேலைக்கு மொழிச் சான்று பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஆனால் பெரும்பாலான கேம் நிறுவனங்கள் என்-2 அளவை எதிர்பார்க்கின்றன. ஆங்கிலத்தில் இயங்கும் குழுக்கள் சில உண்டு, அவற்றில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களையே எடுப்பார்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். எனவே வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தைவிடச் சுலபமாகப் பிடிபடும். கஷ்டம் காஞ்சி எழுத்துகளில்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்திருப்பவை மட்டும் 2,136. தினமும் பத்து எழுத்து என்று பழகினாலும், மறந்ததைத் திரும்பப் படிப்பதையும் சேர்த்தால் ஓராண்டுக்கு மேல் ஆகும். கல்லூரி முதலாண்டிலேயே தொடங்கினால் இறுதியாண்டில் என்-3 அல்லது என்-2 எட்டுவது முடியாத காரியம் அல்ல.

சம்பளம்: கையில் எவ்வளவு மிஞ்சும்?

செகா நிறுவனம் 2023ல் புதிய பட்டதாரிகளின் மாதச் சம்பளத்தை 2,22,000 யென்னிலிருந்து 3 லட்சம் யென்னாக உயர்த்தியது. கேப்காம் 2025ல் 2,35,000 யென்னிலிருந்து அதே 3 லட்சத்துக்கு உயர்த்தியது. இவை பெரிய நிறுவனங்கள். சிறு நிறுவனங்களில் இதைவிடக் குறைவு.

சமீப ஆண்டுகளில் ஒரு யென் ஏறக்குறைய 55 முதல் 60 பைசா வரை இருந்து வருகிறது. அந்தக் கணக்கில் 3 லட்சம் யென் என்பது 1,65,000 முதல் 1,80,000 ரூபாய். இதைக் கேட்டதும் மனம் குளிரும். ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வருமான வரி பிடித்தது போக கையில் வருவது ஏறத்தாழ இரண்டரை லட்சம் யென். இரண்டாம் ஆண்டு ஜூன் முதல் குடியிருப்போர் வரி என்று இன்னொன்று சேரும். முதல் ஆண்டுச் சம்பளத்தை வைத்துத் திட்டம் போட்டவர்கள் அப்போது திணறுவார்கள்.

டோக்கியோவில் ஒருவர் தங்கும் சிறிய அறைக்கு 70 முதல் 90 ஆயிரம் யென் வாடகை. வீடு பிடிக்கும்போது முன்பணம், வீட்டு உரிமையாளருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம், தரகு, உத்தரவாத நிறுவனக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கைந்து மாத வாடகை ஒரேயடியாகப் போகும். உணவு, மின்சாரம், செல்போன் கழித்தால், சிக்கனமாக இருப்பவர் மாதம் 60 முதல் 80 ஆயிரம் யென் ஊருக்கு அனுப்பலாம். அதாவது 35 முதல் 45 ஆயிரம் ரூபாய். வளைகுடாவில் கம்பெனி அறையும் சாப்பாடும் கிடைக்கும் வேலையில் இருப்பவரும் கிட்டத்தட்ட இதே தொகையை அனுப்பிவிடுவார். ஆகவே உடனடிப் பணத்துக்காக ஜப்பான் செல்வதில் பெரிய பொருள் இல்லை. தொழில் அனுபவம், படிப்படியான உயர்வு, குடும்பத்தோடு தங்கும் உரிமை ஆகியவையே அதன் பலன்.

மனைவியும் பிள்ளைகளும் சார்ந்தோர் விசாவில் சேர்ந்து வாழலாம். கல்வி, சம்பளம், வயது, மொழி ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் உயர்திறன் விசா முறையில் 70 புள்ளி பெறுபவர் 3 ஆண்டிலும், 80 புள்ளி பெறுபவர் ஓராண்டிலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்றோரை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழி பொதுவாக இல்லை. ஒரே மகனாக இருப்பவர் இதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது.

ஓய்வூதியத்துக்குப் பிடித்த பணம் வீணாகாது. இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊர் திரும்பியவர் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாகவும் பெறலாம். அப்படிப் பெற்றால் அந்தப் பணிக்காலம் பிறகு ஓய்வூதியக் கணக்கில் சேராது.

வேலை ஒப்பந்தத்தில் 'மினாஷி ஸங்க்யோ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் நேர வேலைக்கான கூலியை முன்கூட்டியே சம்பளத்துக்குள் அடக்கிக் காட்டும் முறை அது. சம்பளம் பெரிதாகத் தெரியும், ஆனால் 30, 40 மணி நேரக் கூடுதல் வேலை அதற்குள்ளேயே இருக்கும். சட்டப்படி கூடுதல் வேலைக்கு மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம் என்பதே பொது வரம்பு. கேம் வெளியாகும் நாள் நெருங்கும்போது இரவும் வேலை நடக்கும் துறை இது என்பதால் இந்த எண்களைத் தெரிந்து வைத்திருங்கள்.

தொழுகையும் உணவும்

ஜப்பானின் முதல் பள்ளிவாசல் கோபே நகரில் 1935ல் கட்டப்பட்டது. அதைக் கட்டியவர்களில் இந்திய முஸ்லிம் வணிகர்களும் தாத்தாரிய முஸ்லிம்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் 1995ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் அந்தப் பள்ளி தப்பி நின்றது, சுப்ஹானல்லாஹ். டோக்கியோவில் 1938ல் எழுந்த பள்ளிவாசல் பின்னர் 2000ல் புதிதாகக் கட்டப்பட்டு டோக்கியோ ஜாமி என்ற பெயரில் இயங்குகிறது. டோக்கியோவின் ஓட்சுகாவிலும், ஒசாகா, கியோட்டோ, ஃபுகுவோகா நகரங்களிலும் பள்ளிகள் உண்டு. கேம் நிறுவனங்கள் இருக்கும் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் ஜும்ஆவுக்கு வழி இருக்கிறது என்பது மனநிறைவு தரும் செய்தி.

ஆனால் நேரக் கணக்கு நம்மூர் போல் இல்லை. டோக்கியோவில் டிசம்பர் மாதம் லுஹர் பகல் 11:40 வாக்கிலேயே வந்துவிடும். அஸர் இரண்டேகால் மணிக்கு, ஹனஃபி கணக்கில் 3 மணி வாக்கில். மஃரிப் நாலரை மணிக்கு. ஆக அஸரும் மஃரிபும் அலுவலக நேரத்துக்குள் விழும். ஜூன் மாதத்தில் நாலரை மணிக்குள் சூரியன் உதித்துவிடுவதால், சுப்ஹு பின்னிரவில் மூன்று மணிக்கு முன்பே தொடங்கிவிடும்.

லுஹரை 12 முதல் 1 மணி வரையிலான உணவு இடைவேளையில் தொழலாம். அஸர், மஃரிபுக்கு வேலையில் சேரும்போதே பேசிவிட வேண்டும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் திடீரென்று கேட்பதைவிட, தொடக்கத்திலேயே 'இத்தனை மணிக்குப் பத்து நிமிடம், ஒரு காலி அறை போதும்' என்று தெளிவாகச் சொல்வதே அங்கே மரியாதையாகக் கருதப்படும். ஜும்ஆவுக்குப் பள்ளி தூரமாக இருந்தால், நேரத்தை மாற்றி வேலை செய்ய அனுமதிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உணவில் பன்றி இறைச்சியைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'மிரின்' என்ற இனிப்புத் திரவமும் சமையல் சகேவும் மதுவகைகள். சாதாரண மீன் குழம்பிலும் சோயா சாஸ் தொக்கிலும் அவை கலந்திருக்கும். ராமென் சூப்பில் பன்றி எலும்புச் சாறு, இனிப்புகளில் ஜெலட்டின், ரொட்டியில் விலங்குக் கொழுப்பு என்று கவனிக்க வேண்டியவை பல. காஞ்சி படிக்கக் கற்றுக்கொள்வது வேலைக்கு மட்டுமல்ல, ஹலாலைப் பேணவும் உதவும். மீன், முட்டை, காய்கறி, அரிசி தாராளமாகக் கிடைக்கும். ஹலால் இறைச்சிக் கடைகளும் பெருநகரங்களில் உண்டு. சமைக்கத் தெரிந்து போகிறவர் தப்பித்தார்.

வேலை முடிந்து சக ஊழியர்கள் கூடிக் குடிக்கும் 'நொமிகாய்' என்ற வழக்கம் அங்கே பரவலானது. போகாமலே இருந்தால் ஒதுங்குபவன் என்று நினைப்பார்கள், போனால் மது இருக்கும் மேசையில் உட்கார வேண்டிவரும். மதிய உணவுக்குச் சக ஊழியர்களோடு சேர்ந்து போவது, ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பைப் பகிர்வது என்று நட்பை வேறு வழியில் வளர்க்கலாம். மது அருந்துவதில்லை என்று பணிவாகச் சொன்னால் இப்போது யாரும் வற்புறுத்துவது குறைவு.

இன்னொரு விஷயம் பேசத் தயங்குவோம், ஆனால் பேசியாக வேண்டும். ஜப்பானில் இறப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் தகனம் செய்யப்படுகிறார்கள். முஸ்லிம்களுக்கான அடக்கத்தலங்கள் மிகச் சில. ஓய்தா மாகாணத்தில் ஹிஜி என்ற ஊரில் புதிய மையவாடி அமைக்கும் முயற்சிக்குப் பல ஆண்டுகளாக எதிர்ப்பு நிலவியது. எனவே அங்கே வாழும் சகோதரர்கள் தங்கள் பகுதிப் பள்ளிவாசலோடு தொடர்பில் இருப்பது தொழுகைக்கு மட்டுமல்ல, மையித்தின் கடமைகளுக்கும் அவசியம்.

இந்த வருமானம் ஹலாலா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்வது எங்கள் தகுதிக்கு உட்பட்டதல்ல. ஆலிம்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் சரியாகக் கேட்பதற்குத் துறையின் உள்விவரம் தெரிய வேண்டும்.

கார் பந்தயம், புதிர், கால்பந்து, கல்வி, கட்டுமானம் பற்றிய கேம்களும் இருக்கின்றன. ஆபாசம், ஷிர்க்கான காட்சிகள், சூதாட்டம் நிறைந்தவையும் இருக்கின்றன. ஜப்பானிய செல்போன் கேம்களில் 'காச்சா' என்ற முறை பெரிய வருமானம் தருகிறது. பணம் கட்டினால் என்ன பொருள் கிடைக்கும் என்று தெரியாமல், அதிர்ஷ்டத்தை நம்பி மீண்டும் மீண்டும் கட்ட வைக்கும் முறை அது. அதில் 'கம்ப்ளீட் காச்சா' என்ற மோசமான வகையை ஜப்பானிய நுகர்வோர் அமைப்பே 2012ல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. மற்ற வகைகள் தொடர்கின்றன. நேர்காணலுக்கு முன் அந்த நிறுவனத்தின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த விவரத்தோடு ஆலிம்களை அணுகுங்கள்.

இந்தக் கேள்வி ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் பணம் வைத்து விளையாடும் கேம்களைக் குறிவைத்தவையே. அந்த நிறுவனங்களில் வேலை பார்த்த பலர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள்.

வளைகுடாவும் இந்தத் துறைக்கு வந்துவிட்டது. ஒசாகாவின் எஸ்.என்.கே. என்ற பழைய கேம் நிறுவனத்தின் 96 சதவீதப் பங்கு 2022ல் சவூதியின் மிஸ்க் அறக்கட்டளை வசம் சென்றது. சவூதி பொது முதலீட்டு நிதியம் நின்டெண்டோவில் வைத்திருந்த பங்கு 2023ல் 8 சதவீதத்தைத் தாண்டியது. ஜப்பானில் ஐந்தாண்டு கற்ற தொழில், நாளை மக்கா மதீனா இருக்கும் நாட்டிலேயே, ரியாத்தில் பயன்படக்கூடும்.

இங்கிருந்தே தொடங்கலாம்

இந்தத் துறையில் அடிக்கடி ஆட்குறைப்பும் நடக்கிறது. 2023, 2024 ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் முடங்கியபோது பெங்களூருவிலும் பலர் பாதிக்கப்பட்டனர். எனவே கேம் துறைக்கு மட்டுமே உதவும் படிப்பைவிட, பொதுவான கணினிப் பொறியியல் அடித்தளம் பாதுகாப்பானது. கேம் வேலை போனாலும் மருத்துவம், கட்டடம், வாகனம் ஆகிய துறைகளின் மென்பொருளில் அந்தத் திறன் கைகொடுக்கும்.

பள்ளி மாணவர்கள் கணிதத்தை விடாதீர்கள். கல்லூரி மாணவர்கள் முதலாண்டில் சி பிளஸ் பிளஸும் ஜப்பானிய மொழியும் சேர்த்துத் தொடங்குங்கள். இரண்டாமாண்டில் ஒரு சிறு கேமை முடித்து வெளியிடுங்கள். படிப்பு முடிந்ததும் பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை நகரங்களில் உள்ள கேம் நிறுவனங்களில் இரண்டு மூன்று ஆண்டு பணியாற்றுங்கள். அனுபவத்தோடு போகிறவருக்கு மரியாதையும் சம்பளமும் வேறு. சோனி நிறுவனம் இந்தியாவில் இருக்கும் கேம் உருவாக்குநர்களுக்கென்றே இந்தியா ஹீரோ திட்டம் நடத்துகிறது. புனேவில் உருவான 'ராஜி' கேம் 2020ல் உலகக் கவனம் பெற்றது. ஊரை விட்டுப் போகாமலும் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கணினியும் திறமையும் இருந்தால் வீட்டிலிருந்தே ஓவியமும் நிரலும் செய்து கொடுக்கும் வேலைகள் இத்துறையில் உள்ளன.

ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவித் தொகை கொடுக்கும்போது ஜே.எல்.பி.டி. தேர்வுக் கட்டணம், மொழி வகுப்புக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏஜென்டிடம் லட்சங்களை இழந்த பிறகு குடும்பத்துக்குக் கைகொடுப்பதைவிட, புறப்படும் முன் சில ஆயிரங்களில் வட்டியில்லா உதவி செய்வது எளிது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஊரில் நாலு படித்தவர்கள் அடங்கிய சிறு குழு இருந்தாலே பல மோசடிகள் தடுக்கப்படும்.

நம் பெரியவர்கள் வளைகுடாவுக்குப் போனபோது விவரம் சொல்ல ஆள் இல்லை. பாலைவனத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம். விவரம் தெரிந்து, கடனில்லாமல், தொழுகையோடு புறப்படட்டும். ஹலாலான ரிஸ்க்கையும், எந்த நாட்டில் இருந்தாலும் ஈமானின் உறுதியையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல ரஹ்மான் வழங்குவானாக, ஆமீன்.